ஈரத்தில் காயும் கறுப்பு

பர்மாவில், பகானை அடுத்த மியின்கபாவில் ஒரு வீட்டுப் படியேறிப் பாயில் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. யார், எந்த ஊர், எதற்கு வந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா உள்ளே போனார். வட்டமான ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்து மூடியைத் தூக்கினார். உள்ளே அறை அறையாகத் தடுத்திருந்தது. நடு அறையில் எண்ணெய் மினுங்கும் கரும்பச்சை இலைக் குவியல். சுற்றிலும் வறுத்த வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டுச் சீவல், பொரித்த பருப்பு, உலர்ந்த இறால். பக்கத்தில் வெந்நீர்க் குடுவையும் கைப்பிடி இல்லாத சின்னப் பீங்கான் கிண்ணங்களும்.

"எடுங்கக்கா. நீங்க எடுத்தாத்தான் அவங்க எடுப்பாங்க," என்றார் என்னோடு வந்த தம்பி.

தம்பி யங்கோனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. கொள்ளுத்தாத்தா சிவகங்கைப் பக்கமிருந்து கப்பலேறியவராம். வீட்டில் தமிழ், தெருவில் பர்மிய மொழி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது அவர் நாக்கு ஒருமுறைகூடத் தடுக்கவில்லை. 2020 ஜனவரியில் பகான் சமவெளியில் நான் சுற்றிய நாட்களில் எனக்குக் காதும் வாயும் அவர்தான்.

ஒரு சிட்டிகை இலையும் இரண்டு கடலையும் கொஞ்சம் எள்ளும் சேர்த்து வாயில் போட்டேன். முதலில் புளிப்பு, பிறகு துவர்ப்பு, கடைசியில் மெல்லிய கசப்பு. அதன்மேல் பாலும் சர்க்கரையும் சேராத இளஞ்சூட்டுத் தேநீரைக் குடித்ததும் நாக்கு கழுவிவிட்டாற்போல் ஆனது. இதுதான் லப்பெட். ஷான் மலைகளில், நம்சான் போன்ற ஊர்களில் பலாவுங் மக்கள் வளர்க்கும் தேயிலைக் கொழுந்தை ஆவியில் வேகவைத்துக் கசக்கி, மூங்கில் குழாயிலோ குழியிலோ பாரம் ஏற்றி அழுத்தி, மாதக்கணக்கில் புளிக்கவைப்பது. பழத்தில் மா, இறைச்சியில் பன்றி, இலையில் லப்பெட் என்று பர்மியர்களுக்கு ஒரு பழமொழி உண்டு. அது இருக்கும் பெட்டியின் பெயர் லப்பெட்-ஓ.

நான் பார்க்க வந்தது அந்தப் பெட்டியை. ஆனால் என் முன்னால் இருந்தது புதிது இல்லை. விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து உள்ளே மூங்கில் தெரிந்தது. அந்த வீட்டின் கீழ்த்தளமே பட்டறை. அலமாரி நிறையச் சிவப்பும் பொன்னுமாகப் புதுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றில் ஒன்றை எடுக்காமல் இதை ஏன் எடுத்தார் என்று தம்பியைக் கேட்கச் சொன்னேன். பதில் சுருக்கமாக வந்தது. அது அவருடைய அம்மாவின் பெட்டி. மற்றவை விற்பதற்கு, இது வந்தவர்களுக்கு.

*

பகானுக்கு என்னை இழுத்துவந்தது காரைக்குடி. பழைய சாமான் விற்கும் தெருவில் ஒரு கடையில் மங்கிய சிவப்பு நிறத்தில், உருளையாக, ஒரு முழத்துக்குக் குறைவான உயரத்தில் ஒரு பெட்டி இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டு. 'பர்மாப் பெட்டி' என்றார் கடைக்காரர். நகை வைக்கிற பெட்டி என்றும் சொன்னார். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு மரம் மட்டுமா வந்தது? இந்தப் பெட்டிகளும் தட்டுகளும்கூடக் கப்பலில் வந்து, பரணில் ஏறி, பாகப்பிரிவினைகளில் கைமாறி, கடைசியில் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தவை. மேல்தட்டில் ஓரிடத்தில் வெள்ளையாக ஒரு கறை. பெயின்ட் சிந்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மியின்கபா அம்மாவிடம் அந்தப் பெட்டியின் படத்தைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "குன்-இட்," என்றார். குன் என்றால் வெற்றிலை. அடியில் வெற்றிலை, மேலே உள்ள தட்டுகளில் பாக்கு, சுண்ணாம்பு, காசுக்கட்டி, கிராம்பு, புகையிலை. வெள்ளைக் கறையின்மேல் விரலை வைத்து என்னவோ சொன்னார்.

"சுண்ணாம்புக்கா," என்றார் தம்பி.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நகைப்பெட்டி இல்லை, வெற்றிலைச் செல்லம். காரைக்குடிப் பக்கத்து ஏதோ ஒரு முகப்பில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த யாரோ, வந்தவரிடம் இதை நகர்த்தி, "போடுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். பர்மாவில் எதற்காகச் செய்தார்களோ அதற்காகவே நம் ஊரிலும் அது புழங்கியிருக்கிறது. விற்க வந்த இடத்தில்தான் நகைப்பெட்டி ஆகிவிட்டது.

*

பெயரிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதை நாம் அரக்கு வேலை என்கிறோம். நம் அரக்கு பூச்சி தருவது. மரக்கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் கசியவிடும் பிசின். சூட்டில் உருகும், குளிரில் இறுகும். பர்மியர்களின் 'யுன்' அதுவல்ல. அது மரத்தின் பால். தித்சீ என்கிறார்கள், 'தித்' மரம், 'சீ' பிசின். ஷான் மலைக்காடுகளில் வளரும் அந்த மரத்தின் பட்டையில் சாய்வாகக் கீறி, மூங்கில் குழாயைச் செருகி, வடிவதைச் சேர்க்கிறார்கள். மரம் நமக்குத் தூரத்துச் சொந்தம்: மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் அதே குடும்பம். சலவைக்குப் போடும் துணியில் அழியாத கறுப்புக் குறி போடச் சேங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்திய ஊர்க்காரர்களுக்குத் தித்சீயின் குணம் விளங்குவது கஷ்டமில்லை. வடியும்போது அது வெளுத்த வைக்கோல் நிறம். காற்றுப் பட்டால் கறுக்கும். பழக்கமில்லாத தோலில் பட்டால் தடித்துப் புண்ணாகும். பட்டறையில் ஒரு பையன் வெறும் உள்ளங்கையால் அதைக் குழைத்து ஒரு கிண்ணத்தின்மேல் தடவிக்கொண்டிருந்தான். மணிக்கட்டுவரை கறுப்பு. தூரிகையைவிடக் கைதான் நல்லது என்றான். தூசோ மணலோ இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும்.

பெரும்பாலானவற்றுக்கு உடல் மூங்கில்தான். பிளந்து, நாராகச் சீவி, வளையம் வளையமாகச் சுற்றி வடிவம் கொண்டுவருகிறார்கள். உயர்ந்த வேலைக்கு மூங்கில் நாரைப் பாவாக நிறுத்தி, குதிரைவால் மயிரை ஊடாக ஓட்டிப் பின்னுகிறார்கள். அப்படிச் செய்த ஒரு கிண்ணத்தை என் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். பயந்து பயந்து அழுத்தினேன். எதிரெதிர் விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டன. விட்டதும் கிண்ணம் பழையபடி வட்டமானது. பூச்சில் ஒரு கீறல் விழவில்லை.

பின்னிய உடலில் முதலில் தித்சீயைத் தடவிக் காயவைப்பார்கள். அடுத்து தித்சீயில் சாம்பல் கலந்த மக்குப் பூசி, மூங்கிலின் மேடுபள்ளத்தை அடைப்பார்கள். தேய்ப்பார்கள். மறுபடி பூச்சு, மறுபடி காய்ச்சல், மறுபடி தேய்ப்பு. நல்ல பாத்திரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பூச்சுக்கூட ஆகும். ஒவ்வொரு பூச்சும் காய ஒரு வாரமோ அதற்கு மேலோ. ஒரு பெட்டி முடிய ஆறு மாதம் என்றால் யாரும் வியப்பதில்லை. நுண்ணிய வேலை என்றால் ஆண்டுக்கணக்கு.

அந்தக் காயும் இடத்தைத்தான் நான் மறக்க மாட்டேன். பட்டறையின் ஓரத்தில் ஒரு பலகைக் கதவைத் தூக்கினார்கள். கீழே செங்கல் கட்டிய நிலவறை. படியிறங்கியதும் மூச்சில் ஈரம் தட்டியது. மேலே பகானின் ஜனவரி வெயில், உதட்டை வெடிக்கவைக்கும் வறட்சி. கீழே ஆடி மாதத்துக் கிணற்றடி. இருட்டில் வரிசை வரிசையாகப் பாத்திரங்கள் கவிழ்ந்து காத்திருந்தன. புளித்த வாடையும் மரவாடையும் கலந்து வந்தது.

ஈரத்தில் வைத்தால் எப்படிக் காயும் என்று கேட்டேன். நமக்குத் தெரிந்த காய்தல் எல்லாம் வெயிலில் வடகம் காய்கிற காய்தல்தானே, நீர் போய்விடுகிற காய்தல். தித்சீ காய்வது வேறு. அதில் உள்ள ஒரு நொதி, காற்றின் ஈரத்தோடும் உயிர்வாயுவோடும் சேர்ந்து, பாலை இறுகவைக்கிறது. வெயிலில் வைத்தால் சரியாக இறுகாது. ஈரமான இருட்டுக்குள் வைத்தால் கல்லாகும். இறுகிய பிறகு நீரோ எண்ணெயோ புளிப்போ அதை ஒன்றும் செய்வதில்லை. எண்ணெயில் ஊறிய லப்பெட்டை நாள்முழுக்க வைத்திருக்க இதைவிடப் பொருத்தமான ஏனம் ஏது?

இந்த மரம் பகானில் வளர்வதில்லை. மண் வறண்ட மண், முள்ளும் பனையும்தான். பால் ஷான் மலையிலிருந்தும் மூங்கில் ஆற்றுவழியாகவும் வர வேண்டும். ஆனாலும் தொழில் இங்கே வேரூன்றியிருக்கிறது. காட்டை அடுத்து இருப்பதைவிட, கொடுப்பவர்களை அடுத்து இருப்பது இந்தத் தொழிலுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அரசர்களும் மடாலயங்களும் யாத்திரிகர்களும் இருந்த ஊர் இது. ஆயிரக்கணக்கான கோயில்களும் தூபிகளும் இன்னும் நிற்கும் சமவெளி.

*

செதுக்கும் கூடத்தில் பெண்களே அதிகம். கீழே உட்கார்ந்து, முழங்காலில் பெட்டியை நிறுத்தி, ஒரு கையால் ஊசி முனைக் கருவியைப் பிடித்திருக்கிறார்கள். ஓடுவது ஊசியல்ல, பெட்டி. கீழே வரைந்த கோடு எதுவும் கிடையாது. மனத்தில் இருப்பது நேராகக் கைக்கு வருகிறது. சிவப்பு வர வேண்டிய கோடுகளை எல்லாம் முதலில் கீறி, சாதிலிங்கத்தைத் தேய்த்துத் துடைப்பார்கள். கீறலில் மட்டும் சிவப்பு தங்கும். அதைப் பிசின் பூசி மூடிவிட்டுப் பச்சைக்கு மறுபடி கீறுவார்கள். பிறகு மஞ்சளுக்கு. ஒவ்வொரு நிறமும் தனித்தனியே நிலவறைக்குப் போய்வர வேண்டும்.

கொடிபோல் பின்னிப் படரும் ஒரு பூவேலைக்கு 'சின்மே' என்று பெயர். அவர்கள் மொழியில் அது சியங்மாய் நகரின் பெயர். 1558இல் பயின்னவுங் மன்னர் சியங்மாயை வென்று அங்கிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார், இந்தக் கீறல் வேலை அவர்களோடு வந்தது என்று சொல்கிறார்கள். 'யுன்' என்ற சொல்லே அந்தப் பக்கத்து மக்களைக் குறித்த பெயர்தான். ஊரைவிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர், வந்தவரை வரவேற்கும் பெட்டிக்கு ஆகியிருக்கிறது. அதை நினைத்தபடியே கொஞ்ச நேரம் அந்தப் பெண்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலமாரியிலிருந்து புதுக் குன்-இட் ஒன்றை எடுத்து, உயரமான மூடியை அடிப்பெட்டியின்மேல் பொருத்தி, கையை எடுத்துவிட்டார் அம்மா. மூடி விழவில்லை. உள்ளே அகப்பட்ட காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, மூச்சு விடுவதுபோல் மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. சத்தம் இல்லை. வேலை சுத்தமா என்று அவர்கள் பார்ப்பது அப்படித்தான்.

மியின்கபாவுக்கு நம்மோடு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இந்த ஊரில் கிடைத்தது. வடமொழிச் சுலோகமும் தமிழ் உரைநடையும் கொண்டது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்திலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூரிலிருந்து, வந்த குலசேகர நம்பி என்பவர் இங்கிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடுத்ததை அது சொல்கிறது. பகானை அது புக்கம் என்கிறது. புத்தரின் நகரில், வெளியூர் வணிகர்கள் தங்கள் பெருமாளுக்குக் கோயில் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கதவும் போட்டிருக்கிறார்கள். வந்தவருக்கு இடம் கொடுப்பது இந்த ஊருக்கு நேற்றுப் பழகிய காரியமில்லை.

*

மனூஹா கோயிலும் மியின்கபாவில்தான். தட்டோனிலிருந்து சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்ட மோன் அரசர் மனூஹா கட்டியதாகச் சொல்லப்படும் கோயில். அறை கொள்ளாமல் திணறி அமர்ந்திருக்கும் பெரிய புத்தர்கள். அங்கே ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பிச்சைப் பாத்திரம் இருக்கிறது. ஏணிப்படி ஏறி, மேலேயிருந்து காணிக்கை போடுகிறார்கள்.

பர்மாவில் விருந்து வீட்டில் தொடங்குவதில்லை. பிட்சுவின் பாத்திரத்தில் தொடங்குகிறது. காலையில் வெறுங்காலுடன் வரிசையில் வரும் பிட்சுகளுக்குச் சோறு போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. விசேஷ நாளில் மடாலயத்துக்கு உணவு கொண்டுபோக சூன்-ஓ என்று ஒரு பாத்திரம்: அடியில் பீடம்போல் அகன்று, மேலே தூபிபோல் கூம்பி, உச்சியில் முடி வைத்து, சிவப்பாக நிற்கும். பிட்சுகள் உச்சிப்பொழுதுக்குப் பிறகு உண்பதில்லை என்பதால் அதை ஏந்திய பெண்கள் வெயில் ஏறுமுன் வேகவேகமாக நடந்து போவார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு டவுங்லான் என்ற தாழ்வான வட்ட மேசை. சுற்றிலும் உட்கார்ந்து, குழம்பின் முதல் துண்டை மூத்தவர் தட்டில் வைத்த பிறகே மற்றவர்கள் கை நீட்டுவார்கள். யாருக்கு முன், யாருக்குப் பின் என்ற அந்த முறையை இந்தப் பாத்திரங்களின் வடிவத்திலேயே படித்துவிடலாம்.

அரண்மனையில் இது இன்னும் கறார். யார் எந்த மாதிரி வெற்றிலைப் பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் தரவரிசை இருந்தது. 1885இல் மாண்டலே வீழ்ந்தபோது ஆங்கிலேயர் எடுத்துச் சென்ற அரசச் சின்னங்கள் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்து, 1964இல் பர்மாவுக்குத் திரும்பின. பாதுகாத்து வைத்திருந்ததற்கு நன்றியாகப் பர்மிய அரசு அவற்றுள் ஒன்றை அந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்தது. அது அன்ன வடிவில் பொன்னால் செய்த வெற்றிலைப் பாத்திரம். கொண்டுபோனவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று எனக்குள் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் கொடுப்பது என்று முடிவானபின் அவர்கள் கை தேடிப்போனது வாளையோ குடத்தையோ அல்ல, வெற்றிலைப் பாத்திரத்தை.

லப்பெட்டுக்கும் அப்படி ஒரு கனம் உண்டு. மன்னராட்சிக் காலத்தில் தீர்ப்புச் சொன்னபின் வழக்காடிய இருவரும் லப்பெட் தின்றால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். கல்யாணத்துக்கும், பையனுக்குத் துறவு கொடுக்கும் சடங்குக்கும் அழைக்க லப்பெட் பொட்டலம் கொண்டுபோவார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற, தாம்பூலம் மாற்றிச் சம்பந்தம் பேசி முடிக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

*

பகானில் 1924இல் தொடங்கிய யுன் பயிற்சிப் பள்ளி இன்று கல்லூரியாக நடக்கிறது. அதன் காட்சிக்கூடத்தில் பழைய வேலைகளைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூடிய கண்ணாடிக்குள் மூடிய பெட்டியைப் பார்த்து என்ன செய்வது? எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து கை நீட்டினால்தான் இது பெட்டி.

அதனால்தான் மோன்யுவாவுக்குக் கிழக்கே இருக்கும் சௌக்கா கிராமத்துக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். பகானின் மினுக்கு அங்கே கிடையாது. பெரும்பாலும் வெறும் கறுப்பு, உள்பக்கம் சில சமயம் சிவப்பு. செதுக்கல் இல்லை, பொன் இல்லை. தடித்த மூங்கில், தடித்த பூச்சு, கீழே விழுந்தாலும் தாங்கும். வாங்குகிறவர்கள் வெளிநாட்டார் இல்லை. பர்மியக் குடும்பங்களும் மடாலயங்களும்தான். சுவரோரம் லப்பெட்-ஓக்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. பகானில் நான் வியந்தேன் என்றால் சௌக்காவில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அங்கே இன்னும் யாரோ யாருக்கோ லப்பெட் வைப்பதற்காகத்தான் செய்கிறார்கள்.

எத்தனை நாளைக்கு என்ற கேள்வி இருக்கத்தான் இருக்கிறது. போகிற வழியில் தேநீர்க் கடைகளில் லப்பெட் பிளாஸ்டிக் தட்டில்தான் வந்தது. வெற்றிலையோ, தெருமுனைக் கடையில் மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கிக்கொள்வதாக ஆகிவிட்டது. அதற்கு வீட்டில் குன்-இட் எதற்கு? மியின்கபா அம்மாவிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அவர் வருந்தவில்லை. நாலு பேர் வருகிற நாளில் எல்லார் வீட்டிலும் பழைய பெட்டி வெளியே வருகிறது என்றார்.

*

புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை யங்கோனில் தம்பியின் வீடு. மாடிப்படி செங்குத்து. சுவரில் முருகனும் பக்கத்தில் புத்தரும். தம்பியின் அம்மா எனக்கு இட்லியும் போட்டார், லப்பெட்டும் வைத்தார். மியின்கபாவில் வாங்கிய குன்-இட்டைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்தார்.

"வெறும் பெட்டியாவா ஊருக்குக் கொண்டு போறே? அப்படிப் போகக்கூடாதும்மா."

உள்ளே போய் வந்தார். கீழ்த்தட்டில் கொட்டைப்பாக்கு ஒரு பிடி, மேல்தட்டில் ஒரு மஞ்சள் கிழங்கு. அடியில் ஒரு லப்பெட் பொட்டலம். தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, மூடியைப் பொருத்தினார். அதை அவர் அழுத்தவில்லை. கையை எடுத்துவிட்டு, அது இறங்கி முடியும்வரை இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.